இரண்டு அட்டை போதும்

எங்கள் ரோஜாப் பண்ணையில் கடவுச்சொல்லை மறப்பது ஒரு குற்றமாகவே இருந்தது. தண்டனை, மஞ்சள் படிவம். அதை நிரப்பி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி, நிர்வாகக் கட்டட வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து என் மேசையில் வைக்க வேண்டும். அறுநூறு பேருக்கும் கணினி உதவிக்கு நான் ஒருத்திதான். என் பெயர் நிடியா கெக்கான். பொறியியல் கல்லூரிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் கொலம்பியாவில், எங்கள் ஃபாக்கா ஊரில் கணினியைத் திறந்து தூசி தட்டியவர் எல்லோருமே இஞ்சினியர்தான்.

சாதாரண நாளில் ஒரு படிவத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். காதலர் தினச் சரக்கு ஓடும் நாட்களில் மூன்று மணி நேரம். பூங்கொத்து ஒவ்வொன்றையும் ஸ்கேனரில் காட்டினால்தான் பெட்டிக்குள் போகும். கையுறை போட்ட விரலால் மூன்று முறை தப்பாக அழுத்தினால் ஸ்கேனர் பூட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, ரோஜா வெளியே காத்திருந்து வாடும். திட்டு மட்டும் அவளுக்கு. இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

ஆகவே போன டிசம்பரில் செயல்பாட்டு மேலாளர் எலியேசர் ரின்கோனின் அறைக்குப் போனேன். பூட்டிக்கொண்டால் அவரவரே திறந்துகொள்ளவும், அச்சுப்பொறி கெட்டால் அவரவரே புகார் சொல்லவும் மூன்று தொடுதிரைகள் வைக்கலாம் என்றேன்.

"பூ வெட்டுறவங்களுக்கு இதெல்லாம் வருமா இஞ்சினியர்?"

"வங்கி மெஷின்ல சம்பளம் எடுக்கத் தெரியுது. இது வராதா?"

அவர் சிரிக்கவில்லை. "சரி, வைங்க. பிப்ரவரி ஏழாம் தேதி மியாமி விமானத்துக்குப் போற லாரி ரெண்டு மணிக்குள்ள இந்த வாசல் தாண்டணும். உங்க திரையால ஒரு நிமிஷம் தாமதமானாலும் திரையும் போகும், உங்க நாற்காலியும் போகும். கணினி உதவி வேலைய பொகோட்டால ஏதாவது கம்பெனிக்குக் குடுத்துடுவேன். சம்மதமா?"

பதினோரு வருட வேலை. வீட்டில் சம்பாதிப்பவள் நான் மட்டும். இருந்தும் வாய் முந்திக்கொண்டது. "சம்மதம் சார்."

ஜனவரி பதினைந்தாம் தேதி நிர்வாகக் கட்டடத்தில் திரைகளைத் திறந்தோம். பூட்டிக்கொண்டவர் பெயரைத் தட்டினால் அவர் கைபேசிக்கு ஆறு இலக்க எண் வரும், அதை அடித்தால் புதுக் கடவுச்சொல். முதல் ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு பேர் எண் கேட்டார்கள். ஒருவருக்கும் வரவில்லை. நான் கம்பியைப் பிடுங்கிச் செருகினேன், மறுபடி பிடுங்கினேன், எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்தல் கேட்டது. வாசல் கடைக்காரி பிளாசினா, ஒரு கையில் சோமாசி மாதிரிப் பொரித்த எம்பனாடாத் தட்டும் மறு கையில் கைபேசியுமாக நின்றிருந்தாள்.

"ஏ பொண்ணுங்களா! நாலு ஏழு பூஜ்யம் ரெண்டு ரெண்டு ஒண்ணு! இது யாருதுடி? காலையிலேர்ந்து டிங்கு டிங்குன்னு உசிர எடுக்குது!"

விஷயம் இதுதான். பூக்களைப் பொதி கட்டும் குளிர்கூடத்துக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், புருஷன் சாவியைத் தொலைத்தாலும், வீட்டார் பிளாசினா கடைக்குத்தான் அடிப்பார்கள். அவள் வேலியோரம் நின்று கூவுவாள். வேலையில் சேரும்போது "தொடர்பு எண்" என்ற கட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அவள் எண்ணையே எழுதியிருக்கிறார்கள். பண்ணையின் ரகசிய எண்கள் எல்லாம் ஒரு எம்பனாடாக் கடையில் குவிந்துகொண்டிருந்தன.

எலியேசர் மாடி ஜன்னலில் நின்று பார்த்தார். "என்ன இஞ்சினியர், சர்வர கடைக்கு மாத்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தை எல்லாம் பொதி கட்டும் கூடத்தின் தலைவி ஃபானி சித்தீவாமேல் கொட்டினேன். "சொந்த நம்பர எழுதத் தெரியாதா உங்களுக்கு?"

ஃபானி குட்டையானவள், குரல் மட்டும் ஓங்கியது. "கத்தாத நிடியாக்கா. எங்க கூப்பிட்டா நாங்க கிடைப்போம்னு காகிதம் கேட்டுச்சு. கிடைக்கிற எடத்த எழுதினோம். பொட்டில பூட்டி வெச்ச போன் நம்பர எழுதி என்னத்துக்கு? தப்பு எங்களுதா, கேட்டவங்களுதா?"

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. திரையை அமைக்கும்முன் அந்தக் கூடத்தில் அரை நாள் நின்று பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் நிற்கவில்லை. மேசையில் உட்கார்ந்தே அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன்.

மறுநாள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய் நின்றேன். கைரேகை வைக்கலாமா என்று பார்த்தால், வருஷக்கணக்காக முள்ளோடு மல்லுக்கட்டிய விரல்களில் ரேகை தேய்ந்து போயிருந்தது. ஆனால் எல்லோர் கழுத்திலும் பணியாளர் அட்டை தொங்கியது. அதைக் காட்டாமல் மதியச் சாப்பாடு கிடையாது, அதனால் எவளும் அதை மறப்பதில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. அங்கே யாரும் தனியாக வேலை செய்வதில்லை. ஒருத்தி கொத்து பிடிக்க இன்னொருத்தி கட்டுவாள், எப்போதும் சோடிதான்.

அங்கேயே யோசனை பிறந்தது. கைபேசி எண்ணைத் தூக்கி எறிந்தேன். பூட்டிக்கொண்டவள் தன் அட்டையைத் திரையில் வைப்பாள். திரை அவள் சோடியைப் பார்த்து, "இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்கும். சோடி தன் அட்டையை வைத்துத் "தெரியும்" என்று அழுத்தினால் பூட்டு திறக்கும். இரண்டு பேர் பெயரும் பதிவாகும்.

"கள்ளத்தனம் பண்ணா?" என்று எலியேசர் கேட்டனுப்பினார்.

ஃபானி பதில் அனுப்பினாள். "என் பேரு விழுற எடத்துல எவளாவது கள்ளத்தனம் பண்ணட்டும், அப்புறம் இருக்கு அவளுக்கு."

திரையில் இருந்த வார்த்தைகளையும் அவளே மாற்ற வைத்தாள். "அங்கீகாரம் தோல்வி" என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "யாரு தோத்தது? நானா?" என்றாள். இப்போது பொத்தான்களில் "என்னைய உள்ள விடமாட்டேங்குது", "பிரிண்டர் காகிதத்தத் தின்னுடுச்சு" என்றுதான் இருக்கிறது. திரைகளையும் நிர்வாகக் கட்டடத்திலிருந்து பெயர்த்து, கூடத்தில் காப்பி அண்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். இரண்டே வாரத்தில், வாரத்துக்குத் தொண்ணூறு என்றிருந்த மஞ்சள் படிவம் நாலாகக் குறைந்தது.

பிப்ரவரி ஏழு. காலை பதினொன்றே காலுக்கு என் கணினியில் சிவப்பு மேல் சிவப்பாக விழுந்தது. நூற்று நாற்பது ஸ்கேனர்கள், ஒரே நிமிஷத்தில் பூட்டு. பிறகுதான் உறைத்தது. பருவ வேலைக்கு நூற்று நாற்பது பேரை ஜனவரி எட்டாம் தேதி சேர்த்தோம், அத்தனை பேர் கணக்கையும் நானே ஒரே மூச்சில் திறந்தேன், கடவுச்சொல்லுக்கு ஆயுள் முப்பது நாள். இன்று முப்பதாம் நாள். என் கையாலேயே என் தலையில் மண்ணைப் போட்டிருக்கிறேன்.

மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் சாயங்காலம் ஆகும். கூடத்துக்கு ஓடினேன். பத்து நிமிஷ வழி. மூச்சு வாங்கக் கதவைத் தள்ளினேன்.

மூன்று திரைக்கும் முன்னால் சோடி சோடியாக வரிசை. ஒரு அட்டை, இன்னொரு அட்டை, திரும்பி வேலைக்கு. கத்தல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. வரிசையில் நின்றபடியே ஒருத்தி கேட்டாள், "இவள எனக்குத் தெரியுமான்னு கேக்குது. என்கிட்ட வாங்கின செருப்ப இன்னும் திருப்பித் தரலியே, தெரியாதுன்னு அழுத்திடவா?" கூடமே சிரித்தது.

ஃபானி என்னைப் பார்த்தாள். "நீ ஏன் ஓடி வந்த? காப்பி குடி."

இருபத்தைந்து நிமிஷத்தில் கடைசிச் சோடியும் போய்விட்டது. நான் ஒரு விசைகூடத் தொடவில்லை. காப்பிக் குவளையைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன், சந்தோஷத்தில்தான்.

ஒன்று நாற்பதுக்குக் கடைசிப் பெட்டி ஏறியது. லாரி கிளம்ப மேலாளரின் ஒப்புதல் கணினியில் விழ வேண்டும். எலியேசர் கூடத்துக் கணினியில் உட்கார்ந்து அடித்தார். தப்பு. மறுபடி. தப்பு. மூன்றாவது முறை பூட்டிக்கொண்டது. அவருடைய கடவுச்சொல்லை எப்போதும் செயலாளர்தான் அடிப்பாள். அவள் பல் வைத்தியரிடம் போயிருந்தாள்.

"இஞ்சினியர், திறந்து விடுங்க!"

"என் மேசை பத்து நிமிஷம் தள்ளி இருக்கு சார். திரை இங்க இருக்கு."

நெற்றி வியர்க்க, பணப்பையின் அடியிலிருந்து புத்தம் புது அட்டையை எடுத்தார். வைத்தார். "இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்றது திரை. யாருடைய அட்டையாவது வேண்டும். சுற்றிலும் பார்த்தார். கூடத்துப் பெண்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், ஒருத்தியும் அசையவில்லை. நானும் வேண்டுமென்றே கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒன்று நாற்பத்தொன்பது.

ஃபானி நிதானமாகக் கையுறையைக் கழற்றினாள். "சார், எட்டு வருஷமா இந்தக் கூடத்துல இருக்கேன். என் பேரு என்ன?"

அவர் கண்கள் அவள் அட்டைக்குப் போயின. அவள் அதைக் கையால் மூடிக்கொண்டாள். அவர் முகம் சிவந்தது.

"தெரியலம்மா. மன்னிச்சுக்கோங்க."

"ஃபானி சித்தீவா. எனக்கு உங்களத் தெரியும் சார்." அட்டையை வைத்து அழுத்தினாள். அவர் புதுக் கடவுச்சொல்லை ஒற்றை விரலால் தானே அடித்தார், ஒப்புதல் விழுந்தது. ஒன்று ஐம்பத்து நான்குக்கு லாரி வாசலைத் தாண்டியது. கூடத்தில் எழுந்த கூச்சலுக்குத் தகரக் கூரையே அதிர்ந்தது.

எலியேசர் என்னிடம் வந்து நின்றார். நாற்காலியைப் பற்றிப் பேசவே இல்லை. "இன்னும் எத்தன திரை வேணும், எங்க வைக்கணும்?" என்று கேட்டார்.

"என்னக் கேக்காதீங்க சார்," என்றேன். "ஃபானி சித்தீவாகிட்ட கேளுங்க."

அவர் போய்க் கேட்டார்.