நடக்கிற மெஷினும் மாடலிங் நிபுணரும்

வாஷிங் மெஷின் நடந்து போய்க் கதவோடு கதவாக ஒட்டி நின்றபோது மாமா சோதனை அறைக்கு உள்ளே இருந்தார், இன்ஜினியர் வெளியே இருந்தாள்.

"மாமா, பிளக்கைப் புடுங்குங்க!"

"நான் எங்கே புடுங்கறது? அதுவே புடுங்கிக்கிட்டுத்தான் வந்து நிக்குது!"

உள்பக்கம் திறக்கிற கதவு அது. தண்ணீரும் ஈரத்துணியும் கான்கிரீட் எடைக்கல்லுமாக மெஷின் நூறு கிலோவைத் தொட்டிருந்தது. மாமா முதுகைக் கொடுத்துத் தள்ளி, தன் தொந்தி நுழையும் அளவுக்கு வழி பண்ணிக்கொண்டு வெளியே வர இருபது நிமிடம் ஆனது. வந்ததும் சட்டையை உதறிக்கொண்டு, "போன தடவைக்கு இந்தத் தடவை நடை நல்லா இருக்கு" என்றார்.

மாமா என்றால் அவளுடைய அம்மாவின் தம்பி. அந்தச் சின்ன வாஷிங் மெஷின் தொழிற்சாலையின் முதலாளி. அக்கா மகள்தான் அங்கே இருந்த ஒரே இன்ஜினியர். புது மாடலைச் சந்தைக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில் அது இப்படி ஊர் சுற்றக் கிளம்பியிருந்தது. ஸ்பிரிங்கை மாற்றினாள், ரப்பர் காலை மாற்றினாள், தொட்டியையே மாற்றினாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று வாரம் பிடித்தது. இப்படியே போனால் தலை நரைத்துவிடும் என்று, மெஷினைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி அங்கேயே ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தாள். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். கம்ப்யூட்டருக்குள் மெஷின் நடக்கவில்லை, பறந்தது. பொத்தானைத் தட்டியதும் ஜிவ்வென்று மேலே எழும்பித் திரையை விட்டே போய்விட்டது. நான்கு நாள் மல்லுக்கட்டியும் அது தரையிறங்கவில்லை.

"மாமா, இது என் கைக்கு அடங்காது. கம்ப்யூட்டர் மாடலிங் தெரிஞ்ச நிபுணர் ஒருத்தர் வேணும்."

"விளம்பரம் எழுதிக் குடு, நான் போட்டுடறேன்."

எழுதிக் கொடுத்தாள். அதிர்வு, சுழல் வேகம், கணினி, அனுபவம் என்று பத்து வரி. அங்கேதான் வினை. மாமா சிக்கனமானவர், அதுவும் சொற்களில். பத்து வரியை ஒன்றரை வரியாக்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். வந்த விளம்பரம் இதுதான்: "வாஷிங் மெஷின் கம்பெனிக்கு மாடலிங் நிபுணர் தேவை. செவ்வாய் காலை நேரில் வரவும்."

செவ்வாய் காலை நடைக்கூடத்துக்குள் நுழைந்தவளுக்கு முதலில் சென்ட் வாசனைதான் மூக்கில் ஏறியது. சுவரோரமாகப் பதினாலு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருவரும் சும்மா நிற்கவில்லை. ஒருத்தி இடுப்பில் கை வைத்து நின்றாள், ஒருத்தன் சுவரில் சாய்ந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டினான். இந்தத் துறையில் இத்தனை அழகானவர்களா என்று அவளுக்கு ஆச்சரியம். முன்னால் நின்ற உயரமான தாடிக்காரனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"எத்தனை வருஷமா மாடலிங் பண்றீங்க?"

"ஆறு வருஷம், மேடம்."

"மெஷ் எல்லாம் எப்படி? ரொம்ப நெருக்கமா போடுவீங்களா?"

தாடிக்காரன் சங்கடமாக நெளிந்தான். "மெஷ் துணி போட்டா எனக்கு அரிக்கும் மேடம். காட்டன்னா எவ்வளவு நெருக்கமா வேணும்னாலும் போடுவேன்."

அவள் கேட்டது, மெஷினைக் கம்ப்யூட்டரில் பொடிப்பொடிக் கட்டமாகப் பிரிக்கிற வலையை. கேள்வி அவன் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று அவள் அடுத்த கேள்விக்குப் போனாள். "எவ்வளவு லோடு வரைக்கும் பாத்திருக்கீங்க?"

"ஒரு தடவை தோள்ல ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கிட்டு நின்னேன். ஸ்வெட்டர் விளம்பரம்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். இரண்டு நிமிடத்தில் உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. தாடிக்காரன் நல்லவன், கோபப்படவில்லை. "அப்போ மெஷின் பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நிக்க ஆள் வேண்டாமா?" என்று மட்டும் கேட்டான்.

பேயறைந்தவள் மாதிரி வெளியே வந்தவளைக் காவலாளி வழிமறித்தார். "இன்ஜினியரம்மா, காலையில குள்ளமா, வழுக்கையா ஒருத்தர் பெரிய பையோட வந்தாரு. இந்த வரிசையைப் பாத்தாரு. 'இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் எங்கே'ன்னுட்டுத் திரும்பிட்டாரு. பஸ் ஸ்டாப் பக்கம் போனாரு."

ஓடினாள். பஸ் ஸ்டாப்பில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். குள்ளமான, வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் மடியில் பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் மூச்சிரைக்க அவர் முன்னால் போய் நின்று, "நீங்க மாடலிங்தானே?" என்றாள்.

பஸ் ஸ்டாப்பே திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தது. ஒரு பள்ளிக்கூடப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. "க... கம்ப்யூட்டர்ல" என்றார், திருடி மாட்டிக்கொண்டவர் போல. "பாலத்துக்கு, கப்பலுக்கு, பம்புக்கெல்லாம் பண்ணியிருக்கேன்."

"எழுந்திருங்க சார். உங்களைத்தான் வலை போட்டுத் தேடிக்கிட்டிருக்கேன்."

அவர் அவளுடைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, பறக்கிற மெஷினை மூன்று முறை பறக்கவிட்டுப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "மேடம், ஈர்ப்பு விசையைத் தலைகீழா போட்டிருக்கீங்க. அதனாலதான் அது ஆகாசத்துல விழுது" என்றார்.

அதைத் திருப்பிப் போட்டதும் மெஷின் தரையில் நின்றது. நின்றது என்றால் நின்றதேதான். எவ்வளவு வேகத்தில் சுற்றினாலும் அசையாமல், கல்லுப் பிள்ளையார் மாதிரி. நிஜத்தில் நடக்கிறது, கம்ப்யூட்டரில் நிற்கிறது. நிபுணர் மோவாயைத் தடவினார். "இதுல ஏதோ ஒண்ணு நம்மகிட்ட மறைக்குது. நேர்ல பாக்கலாமா?"

சோதனை அறையில் ஏற்கெனவே கூட்டம். வந்த பதினாலு பேரும் நிபுணர்கள் என்றே நம்பிக்கொண்டிருந்த மாமா, அத்தனை பேரையும் உள்ளே கூட்டிப்போய் மெஷினை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க, நடுவில் மெஷின் குலுங்கிக் குலுங்கி நடந்தது.

"யாருக்காவது ஏதாவது தோணுதா?" என்றார் மாமா.

தாடிக்காரன் மட்டும் கையைத் தூக்கினான். "சார், நடை சரியில்லை. பின்னாடி இடது காலை ஊனவே மாட்டேங்குது. மேடையில நாங்க இப்படி நடந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

நிபுணர் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்தார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பின் இடது காலுக்கு அடியில் தள்ளினார். காகிதம் வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்துவிட்டது.

"நாலு காலும் சமமாத்தானே இருந்துச்சு! ஒவ்வொரு தடவையும் மட்டம் பாத்தேனே!" என்றாள் இன்ஜினியர்.

"காலி மெஷின்ல பாத்திருப்பீங்க. தண்ணி நிரம்பினதும் அடித்தகடு முறுக்கிக்குது, இந்தக் கால் தூக்கிக்குது."

விஷயம் அவ்வளவுதான். எல்லாரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நிபுணர் அடித்தகட்டுக்கு அந்த முறுக்கலைக் கொடுத்துப் பொத்தானைத் தட்டினார். திரையில் மெஷின் லேசாகக் குலுங்கியது. இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு நிஜத்தில் நடக்கும் அதே நடையில் ஆடி அசைந்து புறப்பட்டது. பதினாலு பேரும் கைதட்டினார்கள். இன்ஜினியர் துள்ளிக் குதித்ததில் நாற்காலி சாய்ந்தது. மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அதான் இங்கேயும் நடக்குதே, எதுக்கும்மா சந்தோஷம்?"

"அது ஏன் நடக்குதுன்னு இப்போ தெரிஞ்சுடுச்சு, மாமா!"

அடித்தகட்டின் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை வைத்தால் போதும் என்று சாயங்காலத்துக்குள் கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. அடுத்த வாரம் நிஜப் பட்டையைப் பற்றவைத்து, தண்ணீர் நிரப்பி, முழு வேகத்தில் சுற்றவிட்டார்கள். மெஷின் உறுமியது, ஆனால் இம்மியும் நகரவில்லை. மாமா அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "அடங்கிட்டியா?" என்றார்.

அதற்கு முன்னால், ஆள் எடுக்கக் கூப்பிட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வரிசை கலைந்த பிறகும் நிபுணர் கிளம்பாமல் தாடிக்காரனைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். எந்தக் குடும்பப் போட்டோவைப் பார்த்தாலும், தான் கம்பத்தில் கட்டி வைத்தவன் மாதிரி நிற்பதாக மனைவி சொல்கிறாளாம். எப்படி நிற்பது என்று கொஞ்சம் சொல்லித்தர முடியுமா?

"முதல்ல அந்தப் பையைக் கீழே வைங்க" என்றான் தாடிக்காரன்.

இன்ஜினியர் வீட்டுக்குக் கிளம்பும்போது நடைக்கூடத்தில் நிபுணர் தோளை விரித்து, மோவாயை உயர்த்தி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் காவலாளி எழுந்து நின்று சல்யூட் வைத்தார்.