ஏரோப்ளேன் பார்க்கப் போனவள்

திருப்புலிவனத்து மலர்க்கொடி மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்துக்குப் போவாள். தங்கை ஆதிலட்சுமியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. உத்திரமேரூரில் செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து மின்சார ரயிலில் போவாள். கணவன் வீராசாமி தடுத்ததில்லை. காலையில் கறிக்குழம்பு வைத்துவிட்டுப் போனால் அவனுக்குப் போதும்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆவணியில் ஆதிலட்சுமியின் புருஷன் தமிழ்வாணன் வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், அப்படியே சகலை வீட்டையும் எட்டிப்பார்த்தான். மலர்க்கொடி கழனியில் இருந்தாள்.

"இன்னாண்ணே, அக்காவுக்கு எங்க மேல இன்னா கோவம்? பொங்கலுக்கு வந்ததோட சரி, எங்க வூட்டுப் பக்கமே வர்றதில்ல."

வீராசாமி சமாளித்து அனுப்பிவிட்டான். மனைவி வந்ததும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்று ராத்திரி வழக்கத்தைவிட நல்லவிதமாகப் பேசினான், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்லிக் குடித்தான். மறுநாள் காலையில் பம்புசெட்டில் வைத்துத் தன் கூட்டாளி இருசப்பனிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"கையும் களவுமா புடிக்கணும். நீயும் வா" என்றான்.

இருசப்பனுக்கு அந்த வருஷத்தில் அதைவிடச் சுவாரசியமான வேலை கிடைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

இருவரும் அடுத்த பஸ்ஸில் போய், செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் அவளைக் கண்டுபிடித்து, ரயிலில் இரண்டு பெட்டி தள்ளி ஏறினார்கள். வீராசாமி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான். பல்லாவரத்தில் அவள் இறங்கினாள். தங்கை வீட்டுக்குக் கிழக்கே போகவேண்டும்; அவள் மேற்கே திரும்பினாள். "பாத்தியா!" என்றான் இருசப்பன். அவன் குரலில் துளி வருத்தமில்லை.

மலர்க்கொடி பெரிய ரோட்டைத் தாண்டி, சந்து சந்தாக நடந்து, விமான நிலையத்துப் பின்மதில் ஓரமாய் ஒரு மண்மேட்டில் ஏறினாள். அங்கே ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்கள். நரைத்த தலைக்காரர் ஒருவர் நகர்ந்து அவளுக்கு இடம்விட்டார். வீராசாமிக்கு உச்சந்தலை சூடேறியது. கிழவனா என்று நினைத்தான். ஆனால் அவள் அந்த மனிதரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையில் முடிந்துவந்த வேர்க்கடலையை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சற்றுநேரத்தில் வானத்தில் ஆட்டோ சத்தம்போல ஒன்று கேட்டது. விமானம் ஓட்டப் பழகுகிறவர்களின் சின்ன விமானம். உள்ளே இரண்டு தலைகள் தெரியும் அளவுக்குத் தாழ்வாக வந்து, இப்படியும் அப்படியும் ஆடி, தரையைத் தொட்டு எகிறி, மறுபடி தொட்டு எகிறி, ஒருவழியாக உருண்டது.

"இவன் போன தபா வந்தவன்தான்" என்றாள் மலர்க்கொடி பொதுவாக. "மாடு குதிக்கிற மாதிரி குதிக்கிறான். இன்னும் கத்துக்கல."

மேட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வாயைத் திறந்து அவள் சிரித்து வீராசாமி பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனான். "இதுக்காடி?" என்றான். "இந்தக் கருமத்துக்கா இம்மாந்தூரம் வர்ற?"

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். பயம் அந்த ஒரு நிமிஷம்தான். அவனுக்குப் பின்னால் சலவைச் சட்டையோடு இருசப்பன் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சாட்சிக்கு ஆள் இட்டுக்கினு வந்தியா?"

"தங்கச்சி வூட்டுக்குன்னு பொய் சொல்லிட்டு வந்தவ நீ. கேள்வி வேற கேக்கறியா?"

"ஏரோப்ளேன் பாக்கப் போறேன்னு சொன்னா ஊரே சிரிக்கும்னு பொய் சொன்னேன். நீ எதுக்கு வந்தே? அத்த வாயத் தொறந்து சொல்லு, இவுங்கல்லாம் கேக்கட்டும்."

வீராசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். இருசப்பன் மதில்மேல் எழுதியிருந்த விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தான். மலர்க்கொடி கணவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். சொத்தை நெல்லை முறத்தில் ஒதுக்கும்போது பார்க்கிற பார்வை அது. பிறகு உட்கார்ந்து, ஓடுபாதைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாயங்காலம்வரை அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகளும் வெயிலில் காத்து நின்றார்கள்.

ஊருக்குள் இருசப்பன் வாயை மூடவில்லை. வாரம் முடிவதற்குள் அவளுக்கு 'ஏரோப்ளேன்காரி' என்று பெயர் வந்துவிட்டது. நடவு வயலில் சொக்கம்மாள், "இன்னாக்கா, மெய்யாவே அத்தப் பாக்கத்தான் போறியா? அது எங்கதான் போவுது?" என்று கேட்டாள்.

"எங்கயும் போவாது. மேல போயி ஒரு சுத்து சுத்திட்டு, ஏறுன எடத்துலயே வந்து எறங்கும். மூட்டை கெடையாது, முடிச்சி கெடையாது. அதான் எனக்குப் புடிச்சிது."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலர்க்கொடி நாற்றுக்கட்டைப் பிரித்து நட்டுக்கொண்டே போனாள். சிரிப்புக்குப் பயந்து இத்தனை நாள் பொய் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்தமுறை பஸ் நிறுத்தத்தில் கேட்டவர்களிடமெல்லாம், "ஏரோப்ளேன் பாக்கப் போறேன்" என்று உரக்கவே சொன்னாள். அன்றைக்கு வீட்டில் கறிக்குழம்பு இல்லை. பழைய சோறுதான் இருந்தது.

வீராசாமி சமாதானத்துக்கு வந்தான். மூக்குத்தி வாங்கித் தருகிறேன் என்றான். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நானும் வர்றேன். அப்பிடி இன்னாதான் கீதுன்னு பாக்கறேன்" என்று கூடவே கிளம்பிவிட்டான். அவள் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

மண்மேட்டில் அவன் முதல் விமானத்தைப் பார்த்து, "ஓ!" என்றான். இரண்டாவதைப் பார்த்து, "அதேதானா?" என்றான். மூன்றாவது வருவதற்குள் போய்ப் பிரியாணி தின்றுவிட்டு வந்து, வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான். வாய் பிளந்து குறட்டை வந்தது. நரைத்த தலைக்காரர், "உங்க வீட்டுக்காரர்மா, வெயில் மூஞ்சியில அடிக்குது" என்றார்.

மலர்க்கொடி திரும்பிப் பார்த்தாள். அவன் உதட்டோரம் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. "அவருக்குப் பழக்கந்தான்" என்றாள்.

கடைசி விமானம் இறங்கியதும் மடியில் கிடந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். அவன் பக்கமாகத்தான் போகவேண்டியிருந்தது. சுற்றிக்கொண்டு போனாள். செங்கல்பட்டு ரயிலில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

இருட்டிய பிறகு, கசங்கிய வேட்டியும் கடுகடுத்த முகமுமாக வீராசாமி வீடு வந்து சேர்ந்தான்.

"ஏன்டி எழுப்பல? தேடித்தேடி நாயா அலைஞ்சேன்!"

"என்னத் தேடிக்கினு வர்றதுதான் உனக்குப் பழக்கமாச்சே" என்றாள். தட்டை வைத்தாள். சோற்றைப் போட்டாள், குழம்பையும் ஊற்றினாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் கூட வரவில்லை. ஆள் வைத்துப் பார்க்கவும் இல்லை. டீக்கடையில் யாராவது, "இன்னா வீராசாமி, ஏரோப்ளேன் எறங்கிடுச்சா?" என்று கேட்டால் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவான். அது காதில் விழும்போதெல்லாம், அவன்மேல் தனக்கு இரக்கம் வருகிறதா என்று மலர்க்கொடி யோசித்துப் பார்த்ததுண்டு. வரவில்லை.