எண்பது மைல்

சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் நடுவே ஆயிரத்து எழுநூறு மைல் கடல். அறுபதுகளில் வந்த புது ஜெட் விமானம் நாலு மணி நேரத்தில் அதைத் தாண்டிவிடும். கொழும்பிலிருந்து மணப்பெண் வீடு இருக்கும் மலையூரான ஹட்டனுக்கு வெறும் எண்பது மைல், நல்ல கார் பாதை. அப்படியிருந்தும், வியாழக்கிழமை விமானம் ஏறுவதாகத் தந்தியடித்த மாப்பிள்ளை நஸார், நிக்காஹ் நாளான ஞாயிறு காலையிலும் வந்து சேரவில்லை.

மணப்பெண் றுக்கையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருதாணிக் கையோடு மேல்மாடி ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். வளைவில் எந்த வண்டி உறுமினாலும் எட்டிப் பார்த்தாள். வந்ததெல்லாம் தேயிலை லொறி.

"ஆகாயத்துல மழை மகள், அதான் பிளேன் சுணங்குது" என்றார் வாப்பா மஃறூப். மகள் கல்யாணத்தன்றும் கீழே கடையைச் சாத்த மனம் வராத மனிதர். அரிசி வாங்க வந்த தோட்டத்துச் சனங்களிடமும் அதையே சொன்னார். பழியை ஆகாயத்தின் மேல் போட்டால், அது இறங்கி வந்து மறுக்கவா போகிறது?

ஆனால் மறுக்க ஒருத்தி ரயிலில் வந்து இறங்கினாள். கொழும்பு மாமி சாரா உம்மா. அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"பிளேன் எங்க சுணங்கின? எங்கட மகனும் அதுலதான் வந்தான். வியாழக்கிழமை பகலே இறங்கியாச்சு. அன்னையிலிருந்து நஸார் புறக்கோட்டை பஜார்ல கூட்டாளிமாரோட சுத்துறான்."

மேலே அதைக் கேட்ட றுக்கையா நடையை நிறுத்தினாள். மழையை அவளும்தான் நம்பியிருந்தாள்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் உண்மையாகவே ஒரு கார் வாசலில் நின்றது. இறங்கியவர் மாப்பிள்ளையில்லை, அவனுடைய மாமா நூர்தீன்.

"மருமகனுக்குக் கொழும்புல வியாபார வேலை. நாளைக்கே திரும்பிப் பறக்கணும். அவருக்குப் பதிலா நிக்காஹ்வ நான் ஏத்துக்கிறேன். மகளப் பொறகு கப்பல்ல அனுப்பலாம்."

மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு என்றார் நிக்காஹ் நடத்த வந்திருந்த ஆலிம்சா. மஃறூபுக்குப் போன உயிர் திரும்பியது. ஊர் கூடிவிட்டது, புரியாணியும் இறக்கியாகிவிட்டது. எப்படியோ கல்யாணம் நடந்தால் சரி.

ரெண்டு சாட்சிகளோடு வாப்பா மேலே வந்தார். "மகள், நஸாருக்கு உன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதமா?"

வழக்கமான கேள்விதான். பெண் பேசாமல் தலையைக் குனிந்தால் போதும், மௌனமே சம்மதம். அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் இதற்கு வாய் திறந்ததில்லை. சாட்சிகள் பதிலுக்குக்கூட நிற்காமல் படி இறங்கத் திரும்பிவிட்டார்கள்.

"நில்லுங்க" என்றாள் றுக்கையா. "அவ்வளவு தூரம் பறந்து வந்தவருக்கு, எண்பது மைல் ஏறிவந்து என் முகத்தப் பாக்க மனசில்ல. எனக்குச் சம்மதமில்ல, வாப்பா."

மஃறூப் பதறிப்போனார். "மெல்ல மகள், கீழ ஆக்கள் ஈக்கிறாங்க!"

அவள் தலையை நிமிர்த்தி, கீழே உட்கார்ந்திருந்த ஆலிம்சாவுக்கும் நூர்தீனுக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள்.

"சம்மதமில்ல."