பதினோரு நிமிஷம்

"அம்மணி, போனக் கீழ வெச்சுப்போட்டு வா. வாய்க்கரிசி போடோணும்" என்று சுப்பாத்தாள் அத்தை கூப்பிட்டபோது, கரீம் அனுப்பிய செய்தியை நந்திதா மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

'சேர்ந்துவிட்டது. பதினோரு நிமிஷம் நின்றது.'

ஆய்வுக்கூடத்தில் அவளும் கரீமும் இரண்டு வருடமாக அதற்குத்தான் பாடுபட்டார்கள். தலைமுடியைவிட மெல்லிய இரண்டு தகடுகள். ஒவ்வொன்றும் தன் போக்கில் அதிரும். ஒன்றின் அதிர்வை ஒளி சுமந்துபோய் மற்றதைத் தட்டித் தட்டி, இரண்டையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் நாற்பது வருடம் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிய அப்பா கோபாலசாமி இதைக் கேட்டுவிட்டு, "தொடாமயேவா?" என்றார். அப்புறம் ஞாயிறு தவறாமல் போனில் ஒரே கேள்விதான்: "ரெண்டும் சேந்துச்சா கண்ணு?"

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டார்.

"சேந்துருச்சுங்கப்பா."

"எத்தன நேரம் நின்னுச்சு?"

"நாலு மணி நேரமுங்க."

அவர் மகளின் முகத்தையே பார்த்தார். "மொதத் தடவ அத்தன நேரம் நிக்காது கண்ணு" என்றார். பிறகு அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "நீ சாப்புட்டியா?"

நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். வெள்ளிக்கிழமை அவருக்கு நினைவு தப்பியது; திரும்பவே இல்லை.

குளிப்பாட்டிக் கோடி வேட்டி போர்த்தியிருந்தார்கள். நந்திதா அரிசியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தாள். காதோரம் வாயை வைத்தாள்.

"பதினோரு நிமிஷந்தானுங்கப்பா. அதும் இன்னைக்குத்தான்."

"உசுரோட இருக்கறப்பத்தான் அப்பனும் மகளும் ஓயாத மோட்டாருப் பேச்சு. இப்பவுமா?" என்றாள் அத்தை. அழுதுகொண்டிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அத்தையும் சிரித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "செரி, போடு சாமி. எடுக்கறவங்க நிக்கறாங்க."

பறைச் சத்தம் தெருமுனை தாண்டியது. பெண்கள் வாசலைக் கழுவப் போனார்கள்.

காலையிலிருந்து அவரை வைத்திருந்த ஐஸ் பெட்டியை யாரும் நிறுத்தவில்லை. காலிப் பெட்டியின் உறுமலும் பக்கத்து ஃபேனின் இரைச்சலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் ஏறி ஏறி இறங்கின. இந்தச் சத்தம் கேட்டால் அப்பா சாப்பாட்டிலிருந்துகூட எழுந்துபோவார். உள்ளங்கையை மோட்டாரின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார்.

நந்திதா பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பிளக்கைப் பிடுங்கினாள்.

ஃபேன் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது.