வெளியில் வெட்டில்லாத ஒப்பரேசன்

வயித்துக்குள்ள கட்டின்னு கண்டி ஆஸ்பத்திரியில சொன்னப்ப, கத்தி வைப்பாங்கன்னு பயந்தே பாதி செத்துட்டேன். கடைசியில கத்தியே வைக்கல. மயக்க ஊசி போட்டு, வாய் வழியா குழாய விட்டு, அதுக்குள்ள கம்பியக் கொண்டுபோய் கட்டிய அறுத்து எடுத்துட்டாங்க. சின்னதா இருக்கையிலயே வந்தது நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு. வெளியில ஒரு கீறல் இல்ல. ஆனா உள்ளுக்குப் புண்ணு ஆறணும், பாரம் தூக்கினா ரத்தம் போகும், கொஞ்ச நாளைக்கு லேசான வேலைதான்னு துண்டு எழுதிக் குடுத்தாரு.

துண்ட எடுத்துக்கிட்டு காலையில வேலை பிரிச்சுக் குடுக்கிற பெரட்டுக்குப் போனேன். தேயிலைக் கொழுந்து எடுக்க முடியாது, பிள்ளைக் காம்பராவுல புள்ளைங்கள பாத்துக்கிறேன்னு கேட்டேன். கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் துண்ட ஓரமா வச்சிட்டாரு. எங்க தோட்டத்துல ஒப்பரேசன்னா தையல் இருக்கணும். வாய் வழியா எடுத்தாங்கன்னா எவன் நம்புவான்? கட்டிய வாந்தியில துப்பிட்டாளாம்னு பின்னால ஒருத்தன் கிண்டல் பண்ணினான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் மூஞ்சியிலயே துப்பியிருப்பேன்.

"வெட்டு எங்க மார்கிரட்டு? காட்டு. இல்லாட்டி கூடைய எடுத்துக்கிட்டு மலைக்குப் போ," கணக்கப்பிள்ளை சொன்னாரு.

கூடைய மாட்டினா உள்ளுக்குப் புண்ணு கிழியும். வீட்டுல புள்ளைங்க இருக்கு. என்ன செய்யச் சொல்றீங்க? அத்தனை பேருக்கும் முன்னால சேலைய விலக்கி, தொப்புளுக்குக் கீழ இருந்த தழும்பக் காட்டினேன். கடைசிப் புள்ள பொறந்தப்ப கருத்தடைக்கு வெட்டினது அது. பச்சப் பொய்தான். வெக்கத்துல ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு.

கணக்கப்பிள்ளை சட்டுனு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. பக்கத்துல நின்ன ராசம்மாகிட்ட, இது இப்ப வெட்டினதான்னு கேட்டாரு. அந்த வரிசையில நின்ன பொம்பளைங்க முக்கால்வாசிப் பேருக்கு அதே எடத்துல அதே வெட்டு இருக்கு. பாத்த ஒடனே இது பழைய கருத்தடை வெட்டுன்னு அவளுங்க எல்லாருக்கும் வெளங்கிருச்சு.

"ஆமாங்கய்யா, இப்ப வெட்டினதுதான்," ராசம்மா நெலத்தப் பாத்துக்கிட்டே சொன்னா. வேற ஒருத்தியும் அத மறுக்கல.

பிள்ளைக் காம்பரா வேலை கெடச்சிருச்சு. போன மானம் என்னோடது மட்டுந்தான்னு நெனச்சிக்கிட்டு நின்னேன். நிமிந்து பாத்தா, ஒருத்தி பாக்கியில்லாம முந்தானைய இழுத்து வயித்த மூடிக்கிட்டு மலைக்கு ஏறிப் போறாளுங்க.