வீட்டுக்குள் வந்த வரப்பு

ஸெனோன் உழுது அழித்த வரப்பு, ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவர் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டது. வாசற்படி ஏறி, சமையலறையைக் கடந்து, கட்டிலின் நடுவே புகுந்து பின்சுவர் வரை நீண்டது. புல், முட்புதர், கற்குவியல், காட்டுப் பேரிக்காய் மரம் எதுவும் குறையவில்லை. மரத்துக்காகக் கூரை கொஞ்சம் உயர்ந்து கொடுத்தது. கட்டிலுக்கடியில் கவுதாரி ஒன்று அடைகாத்தது.

எங்கள் ஊர் க்ருஷ்கியில் வரப்பைக் கொறிக்காத விவசாயி கிடையாது. வசந்தத்தில் இவர் ஒரு சால் தின்பார், இலையுதிர்காலத்தில் அவர் ஒரு சால் தின்பார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள். ஸெனோன் மட்டும் புது டிராக்டர் வாங்கிய மிதப்பில் முழுசாக விழுங்கிவிட்டார். கவுதாரி முட்டையிட்டிருக்கிறது என்று மனைவி ஹலினா தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்கவில்லை, படுபாவி.

வரப்புக்கு அந்தப் பக்கம் பக்கத்து நிலத்துக்காரருக்கு, இது எங்கள் ஊர் வழக்கம். அடுப்பு, தொங்கவிட்ட சாசேஜ், கட்டிலில் ஹலினாவின் பாதி எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. பக்கத்து நிலத்துக்காரர் லூட்விக் மதியமே வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு அடுப்போரம் உட்கார்ந்தார்.

"யோவ், அது என் அடுப்புய்யா!"

"இந்தப் பக்கம் காலை வெச்சே, போலீஸைக் கூப்பிடுவேன். சந்தேகம்னா வரப்பைக் கேளு."

ஹலினா லூட்விக்குக்குப் புளித்த மாவு சூப் ஊற்றினாள். "என்னை எதுக்குய்யா முறைக்கிறே? அழிச்சது நீதானே?"

ஸெனோன் வரப்பை அரிவாளால் வெட்டிப்பார்த்தார். வெட்ட வெட்ட அது அகலமாகி அவர் தலையணையில் பாதியைத் தின்றது. ஹலினாவோ படுத்தபடியே, முட்புதரில் பாடிய மஞ்சள் சிட்டுகளுக்குப் பதில் விசில் அடித்தாள். "கட்டிக்கிட்டு வந்ததிலிருந்து இந்த வீட்டுல இப்போதான் பாட்டுச் சத்தமே கேக்குது" என்றாள். ஸெனோனுக்குச் சிட்டுகள் மேல் பொறாமையாக இருந்தது. முட்புதருக்கு மேலே கையை நீட்டினாலும் அவள் எட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கவுதாரிக் குஞ்சுகள் பொரிந்த அன்று, தான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் நடப்பதை அவரே கவனித்தார். நேராக வயலுக்குப் போய், பழைய வரப்பைவிட அகலமாக நிலம் விட்டு, கற்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து குவித்தார். லூட்விக்குக்கு வெட்கமாகிவிட்டது. தின்ற சால்களை அவரும் திருப்பிக் கொடுத்தார். க்ருஷ்கி வரலாற்றில் இப்படி நடந்ததே இல்லை.

நற்கருணைத் திருநாள் ஊர்வலத்தன்று வரப்பு எழுந்து வயலுக்குக் கிளம்பியது. கவுதாரி முன்னால், குஞ்சுகள் பின்னால், கடைசியில் பேரிமரம். பாதிரியார் ஒதுங்கி வழிவிட்டு, அது போனதும் பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அடுத்த வசந்தத்தில், பழக்க தோஷம், டிராக்டர் சக்கரம் வரப்பில் கொஞ்சம் ஏறியது. வீட்டுக்கு வந்தால் ஸெனோனின் தலைமாட்டில், கட்டில் ஓரத்தில், ஒரு கொத்துப் புல். ஓடிப்போய் மண்ணைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினார். ஹலினா புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பிடுங்கலையா?"

"இருக்கட்டும்யா. உனக்கு மறதி அதிகம்."

புல்லை நசுக்காமல் படுக்க வேண்டுமானால் ஹலினா பக்கம் நகர வேண்டும். ஸெனோன் நகர்ந்து படுத்தார்.