நான்கு விரல் மடிப்பு

தையல்காரியின் மூத்த மகள் நான்கு வருடம் பதினொரு வயதிலேயே இருந்தாள். நோய் ஒன்றும் இல்லை. குண்டூசி கதையின் மூன்றாம் பாகத்தைப் படித்துவிட்டுத்தான் பன்னிரண்டு ஆவது என்று முடிவு செய்திருந்தாள், அவ்வளவுதான். குண்டூசி என்பது கதையில் வரும் ஒல்லிச் சிறுமியின் பட்டப்பெயர். ஊரின் பிற்பகல்களைத் திருடுகிறவனைத் துரத்திக்கொண்டு மணிக்கூண்டில் ஏறியவள், இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், மேல்மாடிப் படிகள் இடிந்து விழ, உச்சியில் தன்னந்தனியாக நின்றாள். அம்மா தைத்துக் கொடுத்த கோட்டைத் தவிர அவளிடம் எதுவும் இல்லை. அதன் கீழே "மூன்றாம் பாகம் அடுத்த ஆண்டு" என்று அச்சிட்டிருந்தது. பின்னட்டையில் "எட்டு முதல் பதினொரு வயது வரை" என்றும் இருந்தது. வேறு வீடாக இருந்தால் இதை யார் மதிக்கப் போகிறார்கள்? ஆனால் தையல்காரி, சட்டைக் காலருக்குள் இருக்கும் துண்டுச்சீட்டில் நிழலில் உலர்த்து என்று இருந்தால், மூன்று நாள் ஆனாலும் நிழலில்தான் உலர்த்துவாள். எதிலும் போட்டிருப்பதைப் படி, அதன்படி நட என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்திருந்தாள். அடுத்த ஆண்டு வந்தது, புத்தகம் வரவில்லை. பன்னிரண்டாம் பிறந்தநாள் வாசல்வரை வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனது.

பள்ளிக்கூடத்தில் அவளை மறுபடி ஆறாம் வகுப்பிலேயே உட்காரவைத்தார்கள். மறுபடி முதல் மதிப்பெண் வாங்கினாள். டாக்டர் எலும்பைத் தட்டிப் பார்த்து, பசி நன்றாக எடுக்கிறதா என்று கேட்டு, எடுக்கிறது என்றதும் அடுத்தவரைக் கூப்பிட்டார். லாரி ஓட்டும் அப்பா, செருப்பு அளவு மாறாததில் ஒரு வசதி இருக்கிறது என்று சொல்லி மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒன்பது வயதாக இருந்த தங்கை, பத்து, பதினொன்று என்று முறையாக ஏறி, மூன்றாம் வருடம் அக்காவைத் தாண்டிப் போனாள். அவளுக்குச் சின்னதாகிப்போன கவுன்கள் மேலிருந்து கீழே இறங்காமல் கீழிருந்து மேலே ஏறின. இனி நீதான் என்னை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்று தங்கை வம்புக்கு நின்றாள். முதலில் பிறந்தது நான்தான் என்று இவள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் "ஏய்" என்று கூப்பிட்டுக்கொள்வதாகச் சமாதானம் ஆயிற்று. ஊர் இதைப் பழகிக்கொண்டது. தையல்காரிதான் பழகவில்லை. எல்லாருக்கும் வயதாகி, தானும் போன பிறகு, பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து புத்தகத்துக்குக் காத்திருக்கும் என்ற நினைப்பு அவளை விடவில்லை. அதனால் ஒவ்வொரு வருடமும் மகளுக்கு ஒரு புதுக் கவுன் தைத்தாள், விளிம்பில் நான்கு விரல் துணியை உள்ளே மடித்து. அந்த மடிப்பை ஒரு வருடமும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் அவள் பொறுமை இழந்து, "பன்னிரண்டு வயசுல படிச்சா புத்தகம் கடிச்சா வைக்கும்?" என்று கேட்டாள்.

"அதுல அப்படிப் போட்டிருக்கேம்மா," என்றாள் மகள்.

தான் சொல்லிக்கொடுத்ததே திரும்பி வந்து நின்றது. தையல்காரி அன்றே எழுத்தாளருக்குக் கடிதம் போட்டாள். நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. எழுத்தாளர் அம்மாள் எதையும் மறைக்கவில்லை. குண்டூசியை மேலே ஏற்றிவிட்டேன், இறக்கத் தெரியவில்லை. ஒரு மாடி உயரம்தான், ஆனால் கோட்டைத் தவிர எதையும் நான் அவளிடம் கொடுத்துவைக்கவில்லை, அச்சாகிப் போனதை இனி மாற்றவும் முடியாது, பறக்கவிட்டால் பிள்ளைகள் என்னை மன்னிக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தார். தையல்காரி இரண்டாம் பாகத்தை எடுத்து, மெஷின் பக்கத்தில் நின்றபடியே படித்துவிட்டுச் சிரித்துவிட்டாள். வளரும் பிள்ளைக்கு எந்த அம்மாவும் கோட்டை அளவாகத் தைக்க மாட்டாள். அடிவிளிம்பிலும் கை நுனியிலும் துணி மடிந்து கிடக்கும், போதாததற்கு உள்துணி வேறு முழுதாக இருக்கும். எல்லாவற்றையும் பிரித்து, இழை போகும் போக்கிலேயே நீளமாகக் கிழித்து, மூன்று மூன்றாகப் பின்னினால் பெரிய ஆளையே தாங்கும். குறுக்கே கிழித்தால்தான் ஆபத்து. இதை எழுதி, ஒரு பழைய கோட்டைப் பிரித்துப் பின்னிய கயிற்றையும் சேர்த்து அனுப்பினாள். அறுபது வயது எழுத்தாளர் அதைத் தன் வீட்டு மாடிக் கைப்பிடியில் கட்டித் தொங்கிப் பார்த்தாராம், அறுந்துபோகவில்லை. கைம்மாறாக என்ன வேண்டும் என்று கேட்டு எழுதினார். பின்னட்டையில் வயது எதுவும் போடாதீர்கள் என்று தையல்காரி ஒரே வரியில் பதில் போட்டாள்.

அதன் பிறகு பதினொரு மாதம் முடிவைத் தெரிந்துகொண்டே வாய்மூடி இருந்ததுதான் பெரும்பாடு. குண்டூசி எப்படி இறங்குவாள் என்று மகள் தினமும் ஒரு யோசனையோடு வருவாள். கடிகார முள்ளைப் பிடித்துச் சறுக்குவாளோ, புறா கொண்டுவருமோ என்று கேட்பாள். தையல்காரி உடனே நான்கைந்து ஊசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொள்வாள். வாயில் ஊசி இருக்கும்போது அம்மாவைப் பேசவைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

நான்காம் வருடம் ஒரு சனிக்கிழமை காலை புத்தகம் தபாலில் வந்தது. தையல்காரி முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "முற்றும்" என்று இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் மகளிடம் கொடுத்தாள். மகள் பின்னட்டையை வெகுநேரம் பார்த்தாள்; விலையைத் தவிர எதுவும் இல்லை. பிறகு துணி வெட்டும் மேசைமேல் ஏறி உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். மூன்றாம் அத்தியாயத்தில் கவுனின் கை மணிக்கட்டை விட்டு ஏறியது. ஐந்தில் தொங்கிக்கொண்டிருந்த கால்கள் தரையைத் தொட்டன. ஏழாவது அத்தியாயத்தில் தங்கை பக்கத்தில் வந்து நின்று உயரத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். மணிக்கூண்டு வந்ததும் மகள் நிறுத்தினாள். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

"அம்மா, இது நீ சொன்னதா?"

தையல்காரி வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "வளர்ற பிள்ளைக்கு யாராவது அளவா தைப்பாங்களா?" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பதினைந்து வயது மகளை எழுந்து நிற்கச் சொல்லி, முழங்காலுக்கு மேல் ஏறிப்போயிருந்த கவுனின் விளிம்பைப் பிரித்தாள். நான்கு விரல் துணி சாயம் போகாமல் இறங்கியது. அதுவும் போதவில்லை. அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, படித்து முடி, பிறகு அளவு எடுக்கலாம் என்றாள்.